கறுப்பில் ஒரு படகு

எங்கள் விடுதி ஃபிரிட்ஜ்
ஐம்பது ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழே
முனகுகிறது என்றாள் உக்னே.
எனக்கு அது பால் திரியும் சத்தம்.

அதைப் பதிவு செய்து
எட்டு மடங்கு இழுத்து
அடியில் ஒரு தாளத்தைப் புதைத்தாள்.
இரவு இரண்டு மணி.
ஹெட்ஃபோனிலிருந்து கசிந்தது,
திமிங்கிலம் ஒன்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.
விடிந்தால் எனக்குத் தணிக்கையியல் தேர்வு.

படமும் எடுக்கிறாள்.
கதை என்ன என்றால்
"படகு வரும்."
அப்புறம்?
"வராமலும் இருக்கலாம்."

கிளைபெடா துறையில் நான்கு விடியல்கள்.
முக்காலி என் தோளில்.
மூடுபனி வேண்டும் அவளுக்கு;
வானமோ நான்கு நாளும் கழுவிக் கவிழ்த்த தட்டு.
ஐந்தாம் நாள் வந்தது,
கையை நீட்டினால் மோதிரம் தெரியாத பனி.
குளிரில் கேமரா பேட்டரி செத்தது.

லிதுவேனிய மொழியின் வசவெல்லாம் தீர்ந்தபின்
மைக்கை உயர்த்திப் பிடித்தாள்.
சங்கிலி.
மரத்தில் டயர் உரசும் கிறீச்.
சைக்கிளை உருட்டி இறங்கும் யாரோ.
என் தும்மல்.

திரையிடலில் நாற்பது நொடி வெறும் கறுப்பு.
ஃபிரிட்ஜ் தண்ணீராகி அலம்பியது.
வெளியே வந்து
வெள்ளைப் படகு என்றாள் ஸ்காய்ஸ்தே.
பச்சை என்றான் தௌத்விதாஸ்.
பேருந்து நிறுத்தம் வரை நீண்டது சண்டை.

நேரில் நின்றவள் நான்.
எனக்கு நிறம் நினைவில்லை.
அந்தத் தும்மலையாவது வெட்டிவிடேன் என்றேன்.
"படத்திலேயே
அது ஒன்றுதான் சுருதியில் இருக்கிறது" என்றாள்.