கொட்டை எடுக்கும் பெட்டி

ஆறாவது பீரியட். கரண்ட் போயிருந்தது.
விசைத்தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நிற்க
பள்ளிப்பட்டுக்குத் திடீரென்று காது கேட்டது.

மேலிடத்துக் கையேட்டில் இந்த மாத அலகு:
ஆரம்பகால அமெரிக்கக் கண்டுபிடிப்புகள்.
இடிதாங்கி, ஆப்பிள் தோல்சீவி, தந்திக்கட்டை,
பருத்தியிலிருந்து கொட்டை எடுக்கும் பெட்டி.
இவற்றைப் பார்த்து
உங்கள் ஊருக்கு ஒன்று வடிவமைக்கவும்.
மதிப்பெண் பத்து.

ஆப்பிள் காய்ச்சல் வந்தா மட்டும்தான் டீச்சர்
என்றான் ரெட்டெப்பா.
ஆப்பிள் அந்த நிமிடமே மாங்காய் ஆனது.
கிளிமூக்கு. மூக்கு மட்டும் கத்திக்கு மாட்டவில்லை,
மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினான்.

பெஞ்சலய்யா இரண்டு ஸ்பூனும் பேட்டரியும் வைத்து
நகரியில் இருக்கும் பெரியப்பாவுக்குத் தந்தி செய்தான்.
ஒயர் வகுப்பறைக் கதவு வரைதான் எட்டியது.
அது பிரச்சினை இல்லையாம். பிரச்சினை வேறு:
'நம்ம க ஒண்ணு டீச்சர், அவங்க க நாலு.
எத்தனை தட்டு தட்டுறது?'
புள்ளிக்கும் கோட்டுக்கும் பாஷை கிடையாது என்று
சொல்ல வாயெடுத்தேன். விட்டுவிட்டேன்.

பெட்டியை நானே செய்து காட்டினேன்.
செருப்பு டப்பா, ஆணி அடித்த பூரிக்கட்டை,
ஒரு சல்லடைத் துண்டு, வளைத்த குடைக்கம்பி.
ஆந்திரா பக்கக் கொல்லையிலிருந்து
யாரோ பருத்தி கொண்டுவந்தார்கள், பை நிறைய.
சுற்றினோம். பஞ்சு அந்தப் பக்கம் போனது.
கொட்டை இந்தப் பக்கமே தங்கிவிட்டது.
விசில் அடித்தார்கள்.
கையேட்டில் இருந்தபடி நானும் சொன்னேன்:
ஐம்பது பேர் வேலையை ஒரு பெட்டி செய்தது.

'அந்த அம்பது பேரும் அப்புறம்
வீட்டுக்குப் போனாங்களா?'

முனிலட்சுமி.
சீசனில் அவள் அம்மா
விடிகாலை நாலு மணி வேனில்
சித்தூர்ப் பக்கம் மாங்கூழ் ஆலைக்குப் போகிறவள்.
கையுறை தரமாட்டார்கள். பால் பட்டு
விரலிடுக்கு ஆடி முடிந்தும் ஆறாது.

கையேட்டைப் புரட்டினேன்.
பெட்டியின் படம் இருந்தது, கைப்பிடியில் ஒரு கையும்.
கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

தெரிந்ததைச் சொன்னேன்.
போகவில்லை.
கொட்டை சீக்கிரம் வந்ததால் பருத்தி இன்னும் வேண்டியிருந்தது,
பருத்திக்கு நிலம், நிலத்துக்கு ஆள்.
ஆளை விலைக்கு வாங்கினார்கள்.
தாய் ஒரு வண்டியில், பிள்ளை ஒரு வண்டியில்.
எடுக்கத்தான் பெட்டி வந்தது,
பறிப்பதற்குக் கை.

யாரும் பேசவில்லை.
கரண்ட் வந்தது. தெருவே தடதடவென்று
எனக்குப் பதிலாகப் பேச ஆரம்பித்தது.

முனிலட்சுமி நோட்டில் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள்.
மாங்கொட்டை எடுக்கும் மிஷின், அம்மாவுக்கு
என்று தலைப்பு. அதை அழிக்கவில்லை.

திங்கட்கிழமை மிஷின் வந்தது.
சைக்கிள் செயின், உடைந்த தறியின் பல்சக்கரம்,
நடுவில் ஒரு பீரோப் பூட்டு.
'நாப்பது கிலோ ஆச்சுன்னா தானே பூட்டிக்கும்.
மேஸ்திரி கத்தினாலும் சுத்தாது.'
சாவி?
'அம்மாகிட்ட. ஊக்கு மாட்டுற இடத்துல.'
தொலைந்தால் என்று ரெட்டெப்பா இழுத்தான்.
அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வைக்கு
மாங்காய் தானே தோல் உரிந்துகொள்ளும்.

மதிப்பெண் தாளில் கட்டங்கள்:
வேகம், செலவு, பயன்.
நிற்பதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பேனாவால் ஒன்று போட்டேன், கோணலாக.

திருவள்ளூர் கண்காட்சிக்காக
நாற்பது கிலோவைப் பன்னிரண்டு சுற்றாகக் குறைத்திருந்தாள்.
நடுவர் கைப்பிடியைச் சுற்றினார்.
பன்னிரண்டில் நின்றது.
இழுத்தார். தட்டினார்.
பழுது என்று எழுதிக்கொண்டு
அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

முனிலட்சுமியின் உள்ளங்கையில் சாவி இருந்தது.
அவள் கொடுக்கவில்லை.