கடைசி எழுத்து

துர்க்கு நகரில் மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
கணினிக் கூடத்தில் துவோமோவும் நானும்,
எங்கள் பங்குக்கு வந்த நாற்பது தீர்ப்புகளும்.
சட்டமும் நிரலும் சேர்த்துப் படிக்க
ஆறே மாதத்துக்கு வந்தவள் நான்.

தீர்ப்புகள் பெயர் கழற்றப்பட்டு வந்தவை.
பதினேழாவது வழக்கு: ஏ,
பியின் கொட்டகையிலிருந்து
நான்கு பனிக்கால டயர்கள்.

ஆணா பெண்ணா என்கிறது நிரல்.
கட்டம் காலியென்றால் அடுத்த வரிக்கு நகராது.
தீர்ப்பு முழுக்க ஹேன், ஹேன், ஹேன்.
ஃபின்னிஷில் அவனும் அவளும்
அந்த ஒற்றைச் சொல்லுக்குள்
ஒரே கோட்டைப் போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்கள்.

குறிப்பைத் தமிழில்தான் எழுதுவேன்.
டயரை உருட்டினா
என்பதோடு பேனா நின்றுவிட்டது.
கடைசி எழுத்துக்குச் சாட்சியம் போதவில்லை.

"உங்களிடம் பொதுச்சொல் இல்லையா?"
துவோமோ உப்பு மிட்டாயை மென்றபடி கேட்டான்.
இருக்கிறது. சொன்னால்
மரியாதை கொடுத்ததாகிவிடும்.
"திருட்டுக்குமா?"

அடிக்குறிப்பைப் படித்தேன்.
அக்டோபரில் வேலை போயிருக்கிறது.
முப்பது நாள் வருமானம் அபராதம்,
இல்லாத வருமானத்தில்.
பிள்ளைகள் இருவர், சி, டி.
குளிர் தொடங்குமுன் டயர் மாற்றியாக வேண்டும்,
அதுவும் சட்டம்.

உருட்டினார்.

துவோமோ நிரலில் மூன்றாவது விடை ஒன்றைச் சேர்த்தான்.
விளக்கம் எழுதும் இடத்தில்
என் சொல்லைக் கேட்டுத் தட்டினான்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
நான் திருத்தவில்லை.

பதினெட்டாவதில் மீன்வலை.
இன்னும் இருபத்துமூன்று பேர்.