மூன்றாவது சேமிப்பு

ஜிபெக்,
மாவு ரசீதின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
நீ வண்டியை நிறுத்திவிட்டு
நிலக்கரிப் புகையைத் தலைமுடியில் சுமந்து
நாலு மாடி ஏறி வரும்போது
நான் ஒஷ் பஜாரில் தந்தூர் முன்னால் இருப்பேன்.
பிஷ்கெக்கில் நமக்கு ஒரு கட்டில், ஒரு கணினி,
ஒரே ஒரு வீரன்.
பகலில் எனக்கு, இரவில் உனக்கு.

முதலில் மின்சாரம்.
எட்டு மணிக்கு எப்படியும் போய்விடும்.
சண்டை நடுவே இந்த விளையாட்டு சேமிக்க விடாது,
அதனால் ஏழே முக்காலுக்குமேல்
எலியைக்கூடச் சீண்டாதே.
போன செவ்வாய் முழுச் சதுப்பையும்
மறுபடி நடந்தாய்.
கால் நனையாமலே அழுதாய்.

கண்ணில் பட்ட பானை, கரண்டி, துருப்பிடித்த லாடம்
எல்லாவற்றையும் ஏன் மூட்டையில் போடுகிறாய்?
எடை நூற்றிருபதைத் தாண்டினால்
அவன் ஓடமாட்டான்.
ஓநாய் ஓடும்.

ஆற்றங்கரைக் கொல்லனிடம் விற்காதே,
அடிமாட்டு விலைக்குக் கேட்பான்.
மூலிகைக்காரியிடம் போ. அவள் பை காலியானால்
சத்திரத்தில் மூன்று இரவு படுத்து எழு,
மறுபடி நிறைந்திருக்கும்.
தூங்கினால் காசு பெருகுவது
அந்த ஊரில் மட்டும்தான்,
அனுபவித்துக்கொள்.

திறன் புள்ளிகளைப் பற்றிச் சண்டை போட்டாயிற்று.
நீ பூட்டுத் திறக்கப் போடுகிறாய், நான் கோடரிக்குப் போடுகிறேன்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலாக
நிற்கிறான் பாவம்.
ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்:
கோபுரத்தின் அடிக்கதவை
உன் புள்ளிகள்தான் திறந்தன.
கோடரியால் முப்பது முறை வெட்டிப் பார்த்த பிறகு
ஒப்புக்கொள்கிறேன்.

இனி டிராகன்.
பனி மூச்சுக்கு முன் கழுத்து இரண்டு முறை உப்பும்.
இரண்டாவது உப்பலில் இடப்பக்கம் உருள்.
பின்னால் போகாதே, பின்னால் பாலம் முடிகிறது.
இடச் சிறகு கிழிந்தது, அங்கேயே அடி.
அது தரையில் இறங்கியதும்
எல்லா நெருப்பு அம்பையும் விட்டுவிடு, மிச்சம் வைக்காதே.

மிச்சம் வைக்காதே என்று நான் சொல்வதைப் பார்.

நம் பையில் நாற்பத்தொரு சிவப்புக் குப்பிகள் இருந்தன.
விருந்தாளி வந்தால் எடுப்போம் என்று
புதுத் தட்டைப் பூட்டிவைக்கும் வீடு மாதிரி
பிறகு, பிறகு என்று வைத்திருந்தேன்.
முந்நூறு பொன் கொடுத்து நீ வாங்கிய நாய்,
வழித்தட எண்ணையே பெயராக வைத்தாயே,
நூற்றேழு,
பாலத்தில் என்கூட வந்துவிட்டது.
பாலத்துக்கு முன்னால் ‘நில்’ என்று ஒரு பொத்தான் அழுத்தவேண்டும்.
அழுத்தவில்லை.
அதற்குப் பாதி உயிர் இருந்தபோது
விரல் குப்பியின் மேல்தான் இருந்தது.
இன்னும் ஒரு அடி தாங்கும் என்று நினைத்தேன்.

டிராகன் செத்தது.
நாற்பத்தொன்றும் அப்படியே இருக்கின்றன.

முதல் சேமிப்பில் சதுப்பு, அதைத் தொடவேண்டாம்.
இரண்டாவதில் பதினோராயிரம் பொன்,
வெள்ளிக் கவசம், கைதட்டும் ஊர் ஜனம்.
கவசம் அழகுதான். வேண்டுமானால் திறந்து பார்,
ஆனால் ஜனங்களைத் தாண்டிப் பாலத்துப் பக்கம் போகாதே.
மூன்றாவதில் டிராகன் உயிரோடு இருக்கிறது.
மூன்றாவதன் மேல் மட்டும்
எதையும் எழுதிவிடாதே.

மணி ஆறாகிறது, எனக்கு நேரமாயிற்று.
ரொட்டி துணிக்குள், ரேடியேட்டர் மேல்.
திரையை அணைக்காமல் போகிறேன்.
பாலத்துக்கு இந்தப் பக்கம்
வாலாட்டிக்கொண்டு நிற்கிறது.
‘நில்’ பொத்தான் இடதுகைச் சுண்டுவிரலுக்குக் கீழே.

பெகிமாய்