மூணு கிலோ நூறு

பீரோவுக்குள் தலையை விட்டுத்தான் பேசுவேன்.
பட்டுச் சேலை ஒன்று, பூனம் பதினாலு,
கல்யாணத்துக்குத் தைத்த அவருடைய கோட்டு.
துணிகளுக்கு நடுவே எதிரொலி வராது.
யாரும் சொல்லித் தரவில்லை இதை.
சத்தமில்லாமல் அழ இடம் தேடி
ஒருநாள் தலையை விட்டபோது தெரிந்துகொண்டது.

"அம்மா வாங்கம்மா வாங்க,
நாட்டுத் தக்காளி, நயம் தக்காளி,
மூணு கிலோ நூறு, நூறே நூறு."

நத்தம் மாம்பழத்துக்கு ஒரு குரல்.
பழைய இரும்புக்கு ஒன்று, கொஞ்சம் கறாராக.
கோலமாவுக்காரர் விடிகாலைக் குரல் கேட்டார்,
பல் விளக்குவதற்கு முன் பேசிக் கொடுத்தேன்.
ஒரு பதிவு நூற்றைம்பது.
பின்னால் நாதசுரம் வேண்டுமென்றால் இருநூறு.

ஏழு வயதில் எனக்கு ரயில்மேல் ஆசை இல்லை.
ரயில் வருகிறது என்று சொல்கிறவளாக வேண்டும்.
ஜெய்ஹிந்த்புரத்தில் எங்கள் சந்து முடிந்தால் தண்டவாளம்.
வாடை வீசும் மாதங்களில்
ஜங்ஷன் அறிவிப்பு பாதி மட்டும் வந்து சேரும்:
"...கனிவான கவனத்திற்கு..."
மீதியை நான் சொல்வேன்,
எவர்சில்வர் சொம்புக்குள் வாயை வைத்து.
"அடி ஜெயக்கொடி, சொம்பைக் கழுவி வைடி"
என்று அம்மா கத்தினால்
வண்டி நடைமேடைக்கு வந்துவிட்டதென்று அர்த்தம்.

பத்தாவது முடிப்பதற்குள்
அங்கே மெஷின் பேசத் தொடங்கிவிட்டது.
ஊர்ப்பெயர் தனியாக, எண் தனியாக,
'தாமதமாக' தனியாக
வெட்டி ஒட்டிய ஒரு பெண்.

தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடையில்
"வாங்கக்கா, சுடிதாரா, நைட்டியா" நாலு வருஷம்.
அப்புறம் கண்ணாஸ்பத்திரியில் டோக்கன் கூப்பிட்டேன்.
நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பதினெட்டு.
சொட்டு மருந்து விட்ட கண்களை மூடியபடி
வரிசை மொத்தமும்
என் குரல் வந்த பக்கம் முகம் திருப்பும்.
அந்த எட்டு மாதம் நன்றாக இருந்தது.
பிறகு சுவரில் சிவப்பு எண் எரிகிற பலகை மாட்டினார்கள்.
பிறகு முத்திருளப்பன்.
பிறகு திருப்பூர்;
பனியன் கம்பெனி இரைச்சலில்
ஆறு வருஷம் கையால் பேசினேன்.

ஊர் திரும்பியதும் அவர் வட்டிக்கு வாங்கி
லோடு ஆட்டோ எடுத்தார். வெங்காயம்.
கூவுவதற்கு வெட்கம் மனுஷனுக்கு.
வில்லாபுரம் முழுக்கச் சுற்றிவிட்டு
முக்கால் மூட்டையோடு வீடு வருவார்.
ஒரு ராத்திரி, ஆத்திரத்தில்தான்,
போனைப் பிடுங்கி
"உரிச்சா அழுவீங்க, விலையக் கேட்டா சிரிப்பீங்க" என்று
ஒரே மூச்சில் பேசிக் கையில் கொடுத்தேன்.
மறுநாள் பத்தரைக்கே சாக்கை உதறிவிட்டார்.
மறுவாரம் வாசலில் வேறு மூன்று ஆட்டோ.

இ-சேவை மையத்துப் பையன்
தொழில் வகை என்னக்கா என்றான்.
சொன்னேன்.
பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்து
'இதர' என்று போட்டான்.

இப்போது ரயில்தான் எனக்கு இடைஞ்சல்.
நாகர்கோவில் வண்டி போய்
தூத்துக்குடி வண்டி வருவதற்குள் பதினோரு நிமிஷம்.
குக்கரை இறக்கி, ஃபேனை நிறுத்தி,
மகளை மொட்டைமாடிக்கு விரட்டி,
பீரோ கதவைத் திறந்து, ஒருமுறை செருமி
அதற்குள் விற்றாக வேண்டும் தேங்காயை.
எந்த வண்டி எப்போது என்று
கடிகாரம் பார்க்காமல் சொல்வேன்.
அந்தப் பாடம் மட்டும் வீணாகவில்லை.

நேற்று சந்துக்குள் ஒரு தக்காளி வண்டி.
புது ஆள். என்னிடம் வாங்கிய பதிவில்லை,
போனிலிருந்து போனுக்குத் தாவியிருக்க வேண்டும்.
பழம் கொஞ்சம் கனிந்திருந்தது.
"நாலு கிலோவாப் போடுங்கண்ணே" என்றேன்.
அவர் தராசைத் தொடாமல்
ஆட்டோ உச்சியில் கட்டிய குழாயைக் காட்டினார்:
"அந்தம்மா மூணுன்னுதான சொல்லுது?"

அந்தம்மா சொல்லிக்கொண்டேதான் இருந்தது,
என்னைவிட உறுதியாக.
முந்தானை முடிச்சை அவிழ்த்து
நூறு ரூபாயைக் கொடுத்தேன்.