அஞ்சு வரி

தோவாளையில் ராத்திரி ரெண்டரை.
பிச்சி இறங்கியாச்சு.
அரளி ஏற்றிய சேலத்து வண்டி
கோவில்பட்டியில் பஞ்சர் என்று போன்.

ஷெட்டுக்குப் பின்னே முள்வேலியில்
காய்ந்து நிற்கும் நாயுருவித் தண்டில்
பதினொன்று தொங்குகின்றன.
தாடையால் தண்டைக் கவ்வி
காலை மடக்கி
அப்படியே உறக்கம்.
ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று
காற்றாடிகளைச் சுற்றியது போதாமல்
இங்கேயும் வந்து தண்டை ஆட்டுகிறது.
ஒன்றும் விழவில்லை.

டார்ச் அடித்து எண்ணுகிறாள் றெஜிலா,
நாகர்கோவில் காலேஜ்.
துணைக்கு வந்த அண்ணன்
பைக்கிலேயே தூங்கிவிட்டான்.

நெஞ்சில் கதம்பை நிறத்து ரோமம்.
வயிறு கறுப்பு, குறுக்கே நீலம்.
நீலமென்றால் பெயிண்ட் நீலமில்லை,
மயிலும் இல்லை.
கேஸ் அடுப்பைச் சிம்மில் வைத்தால் வருமே,
அது.

பெண்ணுக்கு நாலு வரி, ஆணுக்கு அஞ்சு என்றாள்.
எண்ணினேன்,
எண்ணுவதற்குத்தானே எனக்குச் சம்பளம்.
எல்லாம் அஞ்சு.
பெண்கள்?
மண்சுவரில், ஆளுக்கொரு ஓட்டை, தனித்தனியாக.
தேன்?
நமக்குக் கிடையாது.
மார்த்தாண்டத்துப் பெட்டிக்குள் அடங்குகிற சாதியில்லை இது.
கத்திரிப்பூவைக் கட்டிப்பிடித்து உலுக்கும், அவ்வளவுதான்.
அந்த உறுமலைப் பகலில் கேட்டிருக்கிறேன்,
யார் தோட்டத்திலோ மோட்டார் கெட்டுப்போச்சு என்று
நினைத்துக்கொண்டு.

போனில் வரைபடம் காட்டினாள்.
மேலிருந்து பூசிக்கொண்டே வந்த மஞ்சள்
கன்னியாகுமரிப் பாறையில் நிற்கிறது.
கொஞ்சம் கடல்.
இலங்கையில் மறுபடி மஞ்சள்.
அந்தக் கொஞ்சம் கடலை எப்படித் தாண்டியது?
உதட்டைப் பிதுக்கினாள்.
"கடல்தான் பிறகு வந்திருக்கும், அண்ணாச்சி."

நாலு மணிக்குத்
திருவனந்தபுரம் வண்டியில் துளசி ஏற்றினோம்.
இருபத்தெட்டாவது கட்டில்
ஒரு காம்பைக் கவ்விக்கொண்டு ஒன்று.
அஞ்சு வரி.

தட்டிவிடப் போன கை
ஏனோ நின்றது.
களியக்காவிளை தாண்டுகையில் விடிந்துவிடும்.
அந்தப் பக்கமும் மஞ்சள்தான், பார்த்தேனே,
இது போய் இறங்குவதால்
வரைபடத்தில் ஒரு புள்ளிகூட நகராது.

வண்டி போன பிறகு வேலிக்குப் போய் எண்ணினேன்.
பதினொன்றும் இருந்தன.
அப்படியானால் அது யாருடையது,
எந்த வயலில் இதன் தண்டு?

றெஜிலா போய்விட்டாள்.
பில்லில் எழுதினேன்:
துளசி, கட்டு 28.