செவ்வாய்க்கிழமைக் காலணிகள்

ஒரே கதைதான். படம் இரண்டு.
ஜப்பானில் எடுத்தது முதலில்;
பத்து வருஷம் கழித்து அமெரிக்காவில், காசைக் கொட்டி.
மனைவி யாருக்கும் சொல்லாமல்
பால்ரூம் நடனம் கற்கிறாள்.
கணவனுக்குத் தெரிந்துபோகிறது.

கலை ஆர்வத்தில் பார்த்தேன் என்று நினைக்க வேண்டாம்.
போன செவ்வாய், கடைசிக் கோம்பியைப் பிடிக்கிற அவசரத்தில்
மாற்ற மறந்து வந்துவிட்டாள் கோகிலம்.
எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டு வாசலில்,
மேடன் வார்ஃப் சர்க்கரைத் தூள் ஒட்டிய
என் பூட்ஸுக்குப் பக்கத்தில்,
வெள்ளி வார் வைத்த ஒரு ஜோடி.
தொட்டுப் பார்த்தேன்:
அடிப்பாகம் பூனைக்காதுபோல் மெத்தென்றிருந்தது.
தார் ரோட்டுக்குச் செய்த அடி இல்லை அது.
தையல் வகுப்பு என்றல்லவா சொல்லியிருந்தாள்.
அவள் எடுத்து ஒளிக்கவில்லை,
நான் கேட்கவில்லை,
வியாழன்வரை அங்கேயே கிடந்தது.

கூட வேலை செய்கிற தனசாகரனிடம்
மூடி மறைத்துத்தான் கேட்டேன்.
சிரிக்காமல் ஒரு பென்டிரைவைத் தந்தான்.

ஜப்பான்காரனும் வாசலில்தான் கண்டுபிடிக்கிறான்.
அவர்களும் நம்மைப்போல்
வெளியே கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர்கள்.
அமெரிக்கன் கட்டில்வரை பூட்ஸோடு நடக்கிறான்;
அந்த வீட்டில் செருப்பு எவரையும் காட்டிக்கொடுக்காது.
ஆகவே கோட்டுப் பையில் ஒரு ரசீது,
ரசீதைப் பார்த்ததும் வயலின்,
வயலின் ஓய்வதற்குள் மழை.
மழையில் நின்று பேசுகிறான், பேசுகிறான்,
'என்னிடம் ஏன் சொல்லவில்லை' என்பதை
ஆறு விதமாக.
நாலாவது விதத்தில் நான் அழுதுவிட்டேன்.
இதை ஒளிப்பானேன்.
மட்டமான படம், சரியான இடத்தில் கிள்ளியது.
அவள் பதிலுக்கு வாய் திறக்கும்போது
பேட்டைக்கே கரண்ட் போயிற்று.
லோட்ஷெடிங், இரண்டரை மணி நேரம்.
அவள் என்ன சொன்னாள் என்று
இன்றுவரை எனக்குத் தெரியாது.

முந்தின ராத்திரி பார்த்த ஜப்பான் கணவன்
ஒன்றுமே கேட்பதில்லை.
மனைவி தூங்கியபின் வாசலுக்கு வருகிறான்.
வீட்டைப் பார்த்துக் கிடந்த காலணிகளைக்
குனிந்து, இரண்டு கையாலும் தூக்கி,
தெருவைப் பார்க்கத் திருப்பிவைக்கிறான்,
காலையில் அவள் கால் நுழைத்துப் போக வாகாக.
விளக்கை அணைக்கிறான். முடிந்தது.
திரைக்குக் கீழே ஓடும் ஆங்கில எழுத்துக்குக்கூட
அங்கே வேலையில்லை.
இதெல்லாம் ஒரு முடிவா என்று
அப்போது எரிச்சலோடு படுக்கப் போனவன்
இப்போது, இருட்டில், சோபாவிலிருந்து எழுந்தேன்.

போன் வெளிச்சத்தில் வாசல்.
இருபத்திரண்டு வருஷம் மூட்டை பார்த்த இடுப்பு
குனிய மாட்டேன் என்றது.
ஒன்றைக் கையாலும்
மற்றதைப் பெருவிரலாலும் திருப்பினேன்.

காலையில் வாசலிலிருந்து குரல்:
"யார் என் செருப்பை எட்டி உதைத்தது?"

ஜப்பான் படம் எங்கள் வீட்டில் ஓடாது.
மழையும் இல்லை. வாயில் பிரஷ்.
"செவ்வாய் ராத்திரி கோம்பி வேண்டாம்,
நான் காரைக் கொண்டுவருகிறேன்" என்றேன்
நுரையோடு.

வெகுநேரம் சத்தமே இல்லை.
"தையல் வகுப்புக்கா?"
"தையல் வகுப்புக்குத்தான்."

"எட்டரைக்கு முடியும்" என்றாள்.
"ஹாலுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது."