கன அளவு எடை

திபிலிசி சரக்குக் கொட்டகையில்
அளவு நாடாவோடு நிற்பவன் நான்.
நாடாவை நீட்டினேன்.
தடவிக்கொடுக்கப் போகிறேன் என்று நினைத்து
வாலாட்டியது முரா.

நாய் பத்தொன்பது கிலோ.
கூண்டு எட்டு.
ரசீதில் நாற்பத்தாறு.

"மீதி?" என்றார் நெஸ்தான்,
தராசில் நான் விரல் வைத்துவிட்டதுபோல.

நீளம் அகலம் உயரம் பெருக்கி
ஆறாயிரத்தால் வகுத்தால் வருவதுதான், அம்மா.
அது நிமிர்ந்து நிற்க வேண்டும்,
திரும்ப வேண்டும், காலை நீட்டிப் படுக்க வேண்டும்.
அந்த வெற்றிடத்துக்கும் கிலோக் கணக்கு.

"என் இருக்கையில் முழங்காலை நீட்டவே முடியாது.
டிக்கெட் இதில் பாதிகூட இல்லை."

தெருவில் சும்மா கிடைத்த நாய்.
காதில் நகராட்சியின் மஞ்சள் வில்லை
இன்னும் தொங்குகிறது.
சலவை இயந்திரத்தை விற்றாராம்,
பிறகு பனிக்காலக் காலணிகளை.
போவதோ ஹாலிஃபாக்ஸுக்கு.

நோட்டுகளை இரண்டு முறை எண்ணினார்.
பத்தொன்பது கிலோ காற்று.
இன்னொரு முராவின் எடை.

"இந்த ஊர்க் காற்றுதானே?"
கதவை அடைக்கும்போது
உள்ளே இருப்பதுதான் என்றேன்.

கூண்டுக்கு நாலு பக்கமும்
துளை இருக்க வேண்டும் என்பது விதி.
அதை அவர் கேட்கவில்லை.